தண்ணீரில்லாத ஊரில் படகு பேட்டரி

படகுக்கு பேட்டரி கட்டும் தொழிலில் முதல் எதிரி தண்ணீர். பாளையம்பட்டியில் அந்த எதிரியைக் கண்ணால் பார்ப்பதே அபூர்வம். நான் அங்கே ஒரு பட்டறையில் பாதுகாப்பு மேற்பார்வையாளன். இதைச் சொன்னால் வாட்ச்மேன் என்று நினைக்கிறார்கள். உங்கள் வேலையையும் யாராவது இப்படிப் புரிந்துகொண்டிருந்தால், நீங்களும் நம்ம ஆள்தான்.

ஷேர் ஆட்டோவில்

எம்.ரெட்டியபட்டிக்குப் போகும் அம்மா ஒருவர் என்ன வேலை என்று கேட்டார். கடற்கரை ஊர்களில் ஓடும் கரண்டுப் படகு, அதற்கு முந்நூற்றைம்பது வோல்ட் பேட்டரி, உள்ளே ஈரம் இறங்கினால் ஆளையே கொன்றுவிடும் என்று விளக்கினேன். பொறுமையாகக் கேட்டார்.

"ஆளக் கொல்றத ஏந்தம்பி தண்ணிக்குள்ள கொண்டுபோயி வைக்கிறீக?"

உரசல்

பட்டறைக்குப் புதிதாக வந்த மாரியப்பன் அண்ணன் டிராக்டர் பேட்டரியில் கைதேர்ந்தவர். சார்ஜ் இருக்கிறதா என்று பார்க்க, இரண்டு முனைகளுக்கும் நடுவே ஒரு வயரை உரசுவார். பொறி வந்தால் சரி. பன்னிரண்டு வோல்ட்டில் அது விளையாட்டு. இங்கே முந்நூற்றைம்பதில் பொறி அணையாது. நெருப்பாக நீண்டு முகத்துக்கு வரும்.

சேர்ந்த முதல் நாளே வயரோடு குனிந்தார். பிடுங்கி எறிந்துவிட்டு, கையுறையும் மீட்டரும் கொடுத்தேன். அன்றிலிருந்து என் கவலை பேட்டரி இல்லை, இந்த மனிதரை முழுசாக வீட்டுக்கு அனுப்புவது. அவருக்கோ மீட்டர்மேல் நம்பிக்கை வரவில்லை.

"அது நம்பரத்தான் சொல்லுது தம்பி. பொறின்னா நானே கண்ணால பாப்பேன்ல?"

பொட்டு

முதல் பேட்டரி லாரி ஏறும் நாள். முதலாளி அண்ணாச்சி பூஜைக்கு ஏற்பாடு செய்திருந்தார். உள்ளே இருப்பதற்குத்தானே பூஜை என்று மூடியையும் கழற்றச் சொல்லிவிட்டார். நான் லாரியைப் பார்த்துவிட்டுத் திரும்பினால், மாரியப்பன் அண்ணன் ரப்பர் ஷூவையும் கையுறையையும் மரியாதையாகக் கழற்றி ஓரத்தில் வைத்துவிட்டு வெறுங்காலோடு நிற்கிறார். ஒரு கையில் குழைத்த சந்தனம், மறு கையில் குங்குமம். இரண்டு கைகளும் இரண்டு முனைகளுக்கு ஒரு சாண் தூரத்தில்.

"அண்ணே!" என்று நான் போட்ட சத்தத்தில் சந்தனம் தரையில் விழுந்தது. மீட்டரை வைத்துக் காட்டினேன். எண்ணைப் பார்த்தவர் தானே போய் மூடியை எடுத்துவந்தார். மூடியை மாட்டினோம். கையுறையைப் போட்டுக்கொண்டு மூடிமேல் பொட்டு வைக்கப் போனவர் பாதியில் நின்றார். "இதோட வச்சா சாமி கோவிச்சுக்கிடாதா அண்ணாச்சி?"

அண்ணாச்சியின் சட்டை அதற்குள் வியர்வையில் நனைந்திருந்தது.

"ஏலே மாரியப்பா, நீ உசுரோட நின்னு வைக்கிறதே சாமி புண்ணியம், வையிலே!"

கரண்டைத் தடுக்கக் கையுறை இருக்கிறது, மரியாதையைத் தடுக்கத்தான் இன்னும் ஒன்றும் கடைக்கு வரவில்லை.