கிரீஸ் பார்த்துக்கொண்ட மதகு

என் மாமனாரை எல்லோரும் கிரீஸ் என்றுதான் கூப்பிடுவார்கள். என் கல்யாணத்தன்றுகூட அவர் நகக்கண்ணில் கறுப்பு இருந்தது. பெரிய வாய்க்காலின் தலைமதகில் முப்பத்தோரு வருடம் ஃபிட்டர். நூற்றைம்பது வருடப் பழைய மதகு, ஆறு கதவு. ஒன்றையும் அவர் மக்கர் பண்ண விட்டதில்லை.

அதை இடித்துப் புதிது கட்டப்போகிறார்கள் என்றதும் மனிதர் சாப்பாட்டில் கை வைக்கவில்லை. பாரம்பரியச் சின்னமாக அறிவித்துவிட்டால் யாரும் தொட முடியாது என்று நான்தான் மனு எழுதிக் கொடுத்தேன். பார்வையிட ஓர் அதிகாரி அம்மா வந்தார். மாமா அன்று சலவைச் சட்டை போட்டுக்கொண்டார்.

"கதவைத் தூக்குற இந்தத் திருகுத்தண்டு பழசா?"

"அது தேஞ்சு போச்சும்மா. நானே லேத்துல கடைஞ்சு மாத்திட்டேன்."

"கதவு?"

"எல்லாம் இத்துப்போன மரம். தூக்கிப் போட்டுட்டு இரும்புத் தகடு அடிச்சேன். சுவர்ல சுண்ணாம்பு உதிர்ந்த இடமெல்லாம் சிமென்ட். ஒரு சொட்டு கசியாது, பாருங்க!"

பின்னாலிருந்து சட்டையை இழுத்தேன். மனிதருக்குப் புரிந்தால்தானே! நன்றாகப் பார்த்துக்கொண்டதற்கு மார்க் போடுவார்கள் என்று நினைத்து, ஒரு நட்டு விடாமல் ஒப்பித்தார்.

"பழைய பாகம் ஏதாவது எடுத்து வெச்சிருக்கீங்களா?"

"அந்தக் குப்பை எதுக்கும்மா?"

அதிகாரி அம்மா நோட்டை மூடினார்.

இரண்டு மாதத்தில் பதில் வந்தது. அசல் பாகங்கள் மிஞ்சவில்லை, தகுதியில்லை. அதே மாதம், மூன்று மைல் தள்ளி அதே காலத்தில் கட்டிய இன்னொரு மதகில் பாரம்பரியச் சின்னம் என்று பலகை நட்டார்கள். அங்கிருந்த ஃபிட்டர் மகா சோம்பேறி, எண்ணெய்க் குப்பியைத் தொட்டதே கிடையாது. மரக் கதவுகள் இத்துப்போய், திருகுத்தண்டுகள் துருப்பிடித்து இறுகி இருபது வருடமாகிறது. எல்லாம் அசல்.

இடிக்கும் நாளில் தண்ணீரை வடிக்க மாமாவைத்தான் கூப்பிட்டார்கள். ஒற்றைக் கையால் ஒவ்வொரு சக்கரமாகச் சுற்றினார். ஆறு கதவும் சத்தமில்லாமல் ஏறின.

"என்னங்க, பூ மாதிரி ஏறுது!" என்றார் இன்ஜினியர்.

மாமா கையைத் துடைத்துக்கொண்டு நடந்தார். பின்னால் இயந்திரம் சுவரை இடித்தது. சிமென்ட் பூசிய இடங்கள் மட்டும் லேசில் விடவில்லை.

"மாப்ள, நான் ஒண்ணும் பண்ணாம சும்மா இருந்திருக்கணுமா?" என்று கேட்டார்.