சவுனாவுல வெந்த ஜெட் வண்டி

மார்னி ஹாபலாவைப் பத்தி எழுதாம என்னால தூங்க முடியாது. நேத்து ஏரியில நடந்ததுல இருந்து கை துறுதுறுங்குது. அதனால அப்படியே தட்டிட்டுப் போறேன்.

மார்னி எங்க கவுன்டியோட, அதாவது மாவட்டத்தோட, ரோடு ஷெட்டுல பனி தள்ளுற லாரி ஓட்டுறவ. முப்பத்திமூணு வயசு. நான் அதே ஷெட்டுல வயர்லெஸ் முன்னாடி உட்கார்ந்து, எந்த லாரி எந்த ரோட்டுக்குப் போகணும்னு சொல்றவ. மத்த டிரைவருங்க எல்லாம் "எட்டாம் ரோடு முடிஞ்சுது, காபி இருக்கா?"ன்னு கேப்பாங்க. மார்னி மட்டும், "ஏய், இன்ஜினை அணைச்சப்புறம் இந்த டர்போ எத்தனை செகண்டு தானா சுத்துதுன்னு தெரியுமா? நாப்பத்தியொண்ணு"ம்பா.

டர்போங்கிறது நத்தை ஓடு மாதிரி ஒரு இரும்பு. இன்ஜின் புகை ஒரு பக்கம் இருக்குற சக்கரத்தைச் சுத்தி விடும். அதே தண்டோட மறுபக்கம் இருக்குற சக்கரம் காத்தை அமுக்கி இன்ஜினுக்குள்ள தள்ளும். ரெண்டு வருஷம் முன்னாடி ஒரு பழைய லாரியைக் கழிச்சப்போ, அதோட டர்போவை இவ கேட்டு வாங்கிட்டுப் போயிட்டா. சமையல் மேஜை மேலதான் வச்சிருந்தா. ரொட்டிக்கு வெண்ணெய் தடவிக்கிட்டே விரலால சுத்தி விடுவா, தலையைச் சாச்சு சத்தத்தைக் கேப்பா. ஒரு நாள் என்கிட்ட கேட்டா:

"இந்தக் காத்தை இன்ஜினுக்கு விடாம ஒரு டப்பாவுக்குள்ள விட்டு, அங்க கேஸைக் கொளுத்தி, அந்த நெருப்பே இதைத் திரும்பச் சுத்த வைக்குற மாதிரி பண்ணினா என்னடி ஆகும்?"

"வீடு எரியும்."

"சரி. அதுக்கப்புறம்?"

இதுதான் மார்னி!

டப்பா செஞ்சா. எஃகுக் குழாய், உள்ள ஓட்டை போட்ட இன்னொரு குழாய். ஓட்டை எத்தனை, எவ்வளவு பெருசு, எந்த இடத்துல, எல்லாமே கணக்கு. முதல் டப்பாவுல நெருப்பு பின்னாடி எட்டடிக்கு நீண்டுச்சு. ரெண்டாவதுல அவ புருவம் போச்சு. மூணும் நாலும் 'டப்பு'ன்னு அணைஞ்சு போச்சு. அஞ்சாவது டப்பாவுக்கு, தோட்டத்து இலையைக் காத்தால ஊதித் தள்ளுற மெஷினை நான் பிடிச்சுக்கிட்டு நின்னேன். அது ஊத ஊத டர்போ சுத்துச்சு, கேஸ் பத்திக்கிச்சு, விசில் மாதிரி ஒரு சத்தம் ஏறிக்கிட்டே போச்சு. மார்னி கையைக் காட்டினா. நான் மெஷினை எடுத்துட்டேன். சத்தம் நிக்கல! தானா ஓடுது! நாங்க கழிச்சுப் போட்ட லாரியோட இரும்பு தானா மூச்சு விடுது! நான் அங்கயே அழுதுட்டேன். மார்னி அழல. "பின்பக்கம் ஏன் ஆரஞ்சா இருக்கு?"ன்னு குனிஞ்சு பார்த்துக்கிட்டிருந்தா.

அந்தக் குட்டி ஜெட் இன்ஜினை ஒரு சறுக்குவண்டியில பூட்டினா. அடியில மூணு சறுக்குப் பட்டை, தேஞ்சுபோன பனித்தள்ளி பிளேடை வெட்டி எடுத்தது. கட்டை விரல் தடிமன். முன்பட்டை ஹேண்டில்பாரோட திரும்பும்.

கிவி ஏரியில வருஷா வருஷம் ஐஸ் பந்தயம் நடத்துறது ஆர்டித் அம்மா. போஸ்ட் ஆபீஸ்ல இருந்து ரிட்டையர் ஆனவங்க. அவங்க வண்டியைச் சுத்திச் சுத்திப் பார்த்துட்டு சொன்னாங்க: "மார்னி, எனக்கு இருக்குறது ஒரே ஒரு இருதயம். அதனால உனக்கும் ஒரே ஒரு ஓட்டம். சின்ன கேஸ் சிலிண்டர்தான். கொடி விழுந்தப்புறம் வெளியாள் கை வண்டி மேல படக்கூடாது. தன் இன்ஜின்லயே அரைக்கால் மைல் ஓடி கோட்டைத் தாண்டினா, அடுத்த வருஷத்துல இருந்து ஜெட்டுக்குத் தனிப் பிரிவு. இல்லேன்னா இந்த ஏரியில இது திரும்ப வரவே கூடாது."

பக்கத்துல நின்ன டுவெய்ன் சிரிச்சான். அவன் பனி மேல ஓட்டுற ஸ்னோமொபைல்ல கப்பு வாங்கினவன், அதை மறக்கவே விடமாட்டான். "கவலைப்படாதீங்க ஆர்டித் அம்மா, ஓடலேன்னா முடி காய வச்சுக்கலாம்."

"உனக்கு எதுக்குடா? காய வைக்க உன் தலையில என்ன இருக்கு?"ன்னா மார்னி.

நேத்து விடிஞ்சப்போ பூஜ்யத்துக்குக் கீழ பதினஞ்சு. அந்தக் குளிர்ல எண்ணெய் தேன் மாதிரி கெட்டியாயிரும், டர்போ சுத்தாது. மார்னிக்கு அதுதான் பயம். அதனால முந்தின நாளே வண்டியைக் கொண்டுபோய் சவுனாவுக்குள்ள விட்டுட்டா! கல்லு காய வச்சு உட்கார்ந்து வேர்க்குற அதே மர ரூம். கேஸ் சிலிண்டரை மட்டும் வெளிய வச்சுட்டு, விடியக்காலையில இருந்து விறகு போட்டா. எங்க ஊர்ல ஜலதோஷத்துக்கும் சவுனா, முட்டிவலிக்கும் சவுனா, மாமியார் கோவத்துக்கும் சவுனா. அதனால எனக்கு ஒரு நொடி கூடத் தப்பா தோணல. "நல்லா வேகட்டும்"னு நானும் ரெண்டு கட்டை போட்டேன்.

ரஜாயைப் போத்தி, ஏரிக்குக் கொண்டு போய், ஐஸ் மேல இறக்கினோம். 'ஸ்ஸ்ஸ்'னு ஆவி வந்துச்சு. போட்டோ எடுத்தோம்! ஐஸ்ல எதை நிறுத்தினாலும் அடியில மரக்கட்டை வைக்கணும்னு இங்க நாலு வயசுக் குழந்தைக்குக்கூடத் தெரியும். மீன் பிடிக்குற கூடாரத்துக்கே வைப்போம். எங்களுக்கு இருந்த குஷியில ரெண்டு பேரும் மறந்துட்டோம். ஆர்டித் அம்மா வேற கால் மணி நேரம் வரவேற்புரை பேசினாங்க.

மார்னி ஹெல்மெட்டை மாட்டி உட்கார்ந்தா. நான் அந்த மெஷினால காத்தை ஊதினேன். ஜெட் பத்திக்கிச்சு, சத்தம் ஏறுச்சு, ஜனம் காதைப் பொத்திக்கிச்சு. நான் விலகி ஓடினேன். கொடி விழுந்துச்சு.

வண்டி அசையல.

எனக்கு அப்பதான் புரிஞ்சுது. சூடான இரும்பு ஐஸை உருக்கி உள்ள இறங்கி, அந்தத் தண்ணி திரும்ப உறைஞ்சு, மூணு பட்டையும் சிமென்ட் போட்ட மாதிரி பிடிச்சிருச்சு. அந்த ஜெட்டு, ஏரோப்ளேன் மாதிரி கத்துமே தவிர, தள்ளுறது ஒரு ஆள் கையால தள்ளுற அளவுதான். கேஸ் ஒரு நிமிஷத்துக்கு மேல வராது. பத்து செகண்டு. இருபது. "ஹேர் டிரையர் சூப்பர்!"னு டுவெய்ன் கத்துறான். நான் தள்ள ஒரு அடி எடுத்து வச்சேன். "கை படக்கூடாது!"ன்னாங்க ஆர்டித் அம்மா.

மார்னி குனிஞ்சு பட்டையைப் பார்த்தா. அப்புறம், காலால உந்திப் போற சறுக்குநாற்காலி வாசல்ல பனியோட உறைஞ்சு ஒட்டிக்கிட்டா, அதை எங்க ஊர்ல எப்படி விடுவிப்போமோ அதையே பண்ணினா. ஹேண்டில்பாரை இப்படி ஒரு வெட்டு, அப்படி ஒரு வெட்டு. முன்பட்டை 'டக்'னுச்சு. உடம்பை முழுசா இடப்பக்கம் சாச்சா. நாப்பது செகண்டு. வலப்பட்டை 'டக்'. வலப்பக்கம் சாஞ்சா. வரல. திரும்பச் சாஞ்சா. அம்பது. 'டக்'!

போயிருச்சு! ஐயோ, போயிருச்சு! பின்னாடி ஆரஞ்சு வெளிச்சம், பனிப்பொடி, நான் கத்தின கத்துல தொண்டை இன்னைக்கும் கட்டியிருக்கு. பாதி தூரம் கூட இல்ல, சத்தம் அணைஞ்சுது. கேஸ் காலி. வண்டி மட்டும் சத்தமே இல்லாம வழுக்கிக்கிட்டே போகுது. மெதுவாகுது, மெதுவாகுது... நாய் நடக்குற வேகத்துல கோட்டைத் தாண்டி நின்னுச்சு.

எல்லாரும் ஆர்டித் அம்மாவைப் பார்த்தோம். அவங்க மூக்குக் கண்ணாடியைத் துடைச்சாங்க. "தன் இன்ஜின்லன்னு சொன்னேன். இன்ஜின் பாதிக்கு முன்னாடியே நின்னுருச்சேம்மா."

அப்போ டுவெய்ன் பிடரியைச் சொறிஞ்சுக்கிட்டு முன்னாடி வந்தான். "இல்ல... நான் கப்பு வாங்கின வருஷம், என் வண்டியும் பெட்ரோல் தீர்ந்து கடைசி முப்பதடி சும்மாதான் வழுக்கிட்டு வந்துச்சு."

"இவ முன்னூறு அடிக்கு மேல சும்மா வந்திருக்காடா."

"எத்தனை அடி வரைக்கும் செல்லும்னு நீங்க எழுதி வைக்கலயே? இவளுக்குச் செல்லாதுன்னா எனக்கும் செல்லாது. அந்தக் கப்பு எங்கம்மா ஷோகேஸ்ல இருக்கு. நீங்களே போய்க் கேட்டு எடுத்துட்டு வாங்க."

டுவெய்னோட அம்மாவை ஆர்டித் அம்மாவுக்கு நல்லாத் தெரியும். நோட்டைத் திறந்தாங்க. "சரி, செல்லும். அடுத்த வருஷம் ஜெட் பிரிவு உண்டு. ஆனா சவுனாவுல வச்ச வண்டிக்கு அனுமதி இல்ல." அதை நோட்டுல எழுதியும் வச்சாங்க.

சொல்லலாம்னு ஓடுறேன், வண்டிகிட்ட மார்னியைக் காணோம். தேடினா, கிளம்பின இடத்துக்கே நடந்து போய், ஐஸ் மேல குப்புறப் படுத்து, பட்டை விட்டுட்டுப் போன பள்ளத்துக்குள்ள விரலை விட்டு அளந்துக்கிட்டிருக்கா.

"மார்னி! செல்லும்னுட்டாங்கடி!"

"அப்படியா? சந்தோஷம்"னா. நிஜமாவே முகமெல்லாம் சிரிப்பு. ஆனா எந்திரிக்கல. "இங்க வா, படு. இடப்பள்ளம் ரெண்டு விரல் ஆழம், வலது ஒண்ணரைதான். ரெண்டும் ஒரே இரும்பு, ஒரே சவுனா. ஏன்டி வித்தியாசம்?"

நானும் படுத்துட்டேன்.