காஞ்சியை மறைத்த காகிதம்

யட்டியாந்தோட்டைக்கு மேலே, ரப்பர் தோட்டத்துக்குள் இருக்கும் தமிழ்ப் பாடசாலையில் வரலாறு படிப்பிக்கிறேன். சில வருடங்களுக்கு முன், பௌத்தம் இலங்கைக்கு வந்ததைக் கொண்டாடும் பொசன் வாரத்தில் கல்விக் காரியாலயம் ஒரு கண்காட்சி வைத்தது. பௌத்தத்தின் தோற்றமும் பரவலும் என்பது தலைப்பு. தமிழ்ப் பாடசாலைகளையும் அழைத்திருந்தார்கள். அதிபர் சுற்றறிக்கையை என் மேசையில் வைத்தார்.

"ஒரு வெளக்குக் கூடு கட்டி அனுப்பிருவோமா டீச்சர்?"

"கூடு வேணாம் சார். நான் ஒரு மேப் செய்றேன்" என்றேன்.

எனக்கு அதில் ஒரு பழைய கோபம் இருந்தது. நாங்கள் எல்லாரும் படித்த கதையில் பௌத்தம் கங்கைக்கரையிலிருந்து கிளம்பும். அடுத்த வரியில் இலங்கையின் மிஹிந்தலை மலையில் வந்து இறங்கும். நடுவில் இருக்கும் தென்னாடு முழுவதும் காணாமல் போய்விடும். அங்கேயும் விகாரைகள் இருந்தன, தமிழ் பேசிய பிக்குகள் இருந்தார்கள், அங்கிருந்த துறைமுகங்களில் கப்பலேறித்தான் பல நாடுகளுக்குச் சமயமும் எழுத்தும் சிற்பமும் போயின என்பதை நான் ஆசிரியர் கலாசாலைக்குப் போன பிறகே அறிந்துகொண்டேன். அறிந்தபோது சந்தோஷத்தைவிட எரிச்சல்தான் அதிகம் வந்தது. இத்தனை வருடம் ஏன் ஒருவரும் சொல்லவில்லை?

இரண்டு வெள்ளை வேட்டிகளைச் சேர்த்துத் தைத்து வரைபடத்தை வரைந்தேன். புத்தர் பிறந்த லும்பினி, ஞானம் பெற்ற கயா, முதலில் போதித்த சாரநாத். அங்கிருந்து சிவப்பு நூலில் பாதைகள். ஒன்று வடமேற்கே போய்ச் சீனா பக்கம் திரும்பியது. இன்னொன்று தெற்கே அமராவதி, காஞ்சி, காவிரிப்பூம்பட்டினம், நாகப்பட்டினம் என்று இறங்கிக் கடலைத் தாண்டியது. தெற்குப் பகுதிக்கு மேலே 'தமிழ் பௌத்தம்' என்று சிங்களத்திலும் தமிழிலும் எழுதினேன். மூன்று வாரம் பிடித்தது.

முதலில் எதிர்த்தது என் அண்ணன். தோட்டத்தில் கணக்கப்பிள்ளை, கோயில் கமிட்டித் தலைவரும் அவர்தான். வீட்டுக்கு வந்தவர் தரையில் விரித்திருந்த துணியைப் பார்த்ததும் செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசலிலேயே நின்றுவிட்டார்.

"இது என்னா வேல தங்கச்சி? நம்ம ஆளுங்க பௌத்தருங்களா இருந்தாங்கன்னு நீயே எழுதிக் குடுக்குறியா?"

"கொஞ்சப் பேர் இருந்தாங்கண்ணே. அது உண்மைதானே."

"உண்மைய வச்சுக்கிட்டு என்னா செய்யப் போற? நாளைக்குக் கோயில் மேட்டுல ஒரு புத்தர் செலையக் கொண்டாந்து வச்சுட்டு, ஒங்க டீச்சரே சொல்லியிருக்காங்கன்னு கேட்டா, யாரு பதில் சொல்றது? நீயா?"

அவருடைய பயம் வெறும் கற்பனை என்று என்னால் சொல்ல முடியவில்லை. ஆனாலும் துணியைச் சுருட்டி உள்ளே வைத்தேனே தவிர, ஒரு எழுத்தையும் மாற்றவில்லை. அவர் தண்ணீர்கூடக் குடிக்காமல் போய்விட்டார்.

கண்காட்சி நாள் காலையில் மண்டபத்தில் வரைபடத்தைத் தொங்கவிட்டதும் பொறுப்பதிகாரி வந்தார். நல்ல மனிதர். நான் ஏறி நின்று ஆணியடிக்கத் தன் கதிரையைத் தந்தவரே அவர்தான். தெற்குப் பகுதியைப் படித்ததும் அவர் முகம் மாறியது.

"மிஸ், அப்பிட்ட பிரஷ்ன ஓன நே" என்றார். நமக்குச் சிக்கல் எதுவும் வேண்டாம் என்று அர்த்தம். பிறகு சிங்களத்திலேயே மெதுவாக விளக்கினார். நான் எழுதியிருப்பது தவறு என்று அவர் சொல்லவில்லை. யாராவது போனில் படமெடுத்து ஃபேஸ்புக்கில் போட்டால், தமிழர்கள் பௌத்தத்துக்கும் உரிமை கேட்கிறார்கள் என்று கிளப்பிவிடுவார்கள். தன்னால் பதில் சொல்ல முடியாது. அந்த ஒரு பகுதியை மட்டும் மறைத்துவிட்டால் போதும்.

அண்ணனும் அவரும் ஒருவரையொருவர் பார்த்ததே இல்லை. பார்த்திருந்தால் ஐந்து நிமிடத்தில் ஒத்துப்போயிருப்பார்கள்.

நான் வாதாடினேன். காவிரிப்பூம்பட்டினத்தில் விகாரையின் செங்கல் சுவரையே தோண்டி எடுத்திருக்கிறார்கள் என்றேன். "தெரியும் மிஸ், தெரியும்" என்றார். தெரியாது என்று சொல்லியிருந்தாலாவது எனக்குப் பேச இடம் இருந்திருக்கும். அதிபர் என் கையைப் பிடித்தார். "விடுங்க டீச்சர். நம்ம கூட்டி வந்த புள்ளைங்க எல்லாம் காத்துக்கிட்டு நிக்குது. திருப்பி அனுப்பிட்டா அதுங்கதான் அழும்."

வெள்ளைக் காகிதத்தை வெட்டி, பசை தடவி, மேலே இருந்த தலைப்பையும் சேர்த்துக் காஞ்சியிலிருந்து நாகப்பட்டினம் வரை ஒட்டினேன். வேறு யாரும் செய்யவில்லை. நானே ஒட்டினேன்.

மதியம் ஒரு சிங்களத் தாய் மகளோடு வந்தார். வந்த பலரைப் போலச் சும்மா பார்த்துவிட்டு அவர் போகவில்லை. சிவப்பு நூலை விரலால் தொட்டுக்கொண்டே லும்பினியிலிருந்து இறங்கினார். காகிதத்துக்கு வந்ததும் விரல் நின்றது.

"மே மொக்கத மிஸ்?" இது என்ன என்று கேட்டார்.

அதிகாரி அப்போது பக்கத்தில் இல்லை. அதிபரும் சாப்பிடப் போயிருந்தார். அந்தப் பெண்ணின் கேள்வியில் எந்த விஷமமும் இல்லை. நான் வாயைத் திறந்தால் போதும்.

"அங்கே ஒன்றும் இல்லை" என்று சிங்களத்தில் சொன்னேன்.

அவர் தலையாட்டிவிட்டு மகளைக் கூட்டிக்கொண்டு அடுத்த படத்துக்குப் போனார். வரலாறு படிப்பிக்கிற நான், கேட்டு வந்த ஒருவரிடம் இப்படிச் சொன்னேன். ஒட்டச் சொன்னவர்கள் மேல் இருந்த கோபம் முழுவதும் அந்த நிமிடத்தில் என் பக்கம் திரும்பியது.

வீட்டுக்கு வந்து காகிதத்தை உரித்தபோது சாயமும் சேர்ந்து வந்துவிட்டது. அண்ணனுக்கு விஷயம் எட்டியிருந்தது. மறுநாளே வாழைப்பழச் சீப்போடு வந்து, "நல்ல வேலை செஞ்ச" என்றார். "நான் செய்யலண்ணே, செய்ய வச்சாங்க" என்றேன். அவருக்கு வித்தியாசம் விளங்கவில்லை. எனக்கும் விளக்கிச் சொல்லத் தெம்பில்லை.

இரண்டு மாதம் கழித்து எங்கள் பாடசாலைக்கு ஒரு சான்றிதழ் வந்தது. சமய நல்லிணக்கத்துக்காகச் சிறப்புப் பாராட்டு. அதிபர் அதற்குக் கண்ணாடிச் சட்டம் போட்டுத் தன் காரியாலயச் சுவரில் மாட்டிவிட்டார். தினமும் வரவுப் புத்தகத்தில் கையெழுத்துப் போடும்போது அது என் தலைக்கு மேலே தொங்குகிறது.

"அதக் கழட்டிருங்க சார்" என்று இரண்டு முறை கேட்டுவிட்டேன்.

"ஏன் டீச்சர்? நம்ம ஸ்கூலுக்குக் கெடச்சதே இது ஒண்ணுதான்" என்கிறார்.