கூட்டிய மணியை மறுபடி கூட்டிய கல்யாணம்

கடலையே ஒரு மணி நேரம் காக்க வைத்தவள் எங்கள் குடும்பத்தில் ஒருத்தி இருக்கிறாள். சரி, கொஞ்சம் கூட்டித்தான் சொல்கிறேன். நான் சொல்வதில் பாதியைக் கழித்துவிட்டுக் கேட்பது எங்கள் வீட்டில் எல்லோருக்கும் பழக்கம். கழித்த பிறகும் மிச்சம் இருக்கும், கவலை வேண்டாம்.

அவள் என் தங்கை மகள். அம்மா வயிற்றில்கூட முழுசாக இருக்கப் பொறுமையில்லாமல் முந்திப் பிறந்ததால் 'அவசரம்' என்ற பெயர் ஒட்டிக்கொண்டது. தீவுகளில் கல்யாணம் நடத்திக் கொடுப்பது அவள் தொழில். மருந்துக்கடை மாடியில் ஒற்றை அறை, அதில் மடக்கு நாற்காலிகளும் துணி மாதிரிகளும் போக அவள் உட்கார மட்டும் இடம் இருக்கும். தீவு, கல்யாணம் என்று கேட்கும்போது சொகுசாகத்தான் தோன்றும். மணலில் புதையாத நாற்காலிக்கால், உப்புக் காற்றில் வதங்காத பூ, பறக்காத மேசைவிரிப்பு என்று யோசித்தே அவளுக்கு முன்முடி கொட்டிவிட்டது.

போன வருஷம் கடலுக்கடியில் மீன்களைப் படம் பிடிக்கும் ஒரு பெண் தன் அப்பாவோடு அந்த மாடி ஏறி வந்தாள். ஓட்டல் ஒன்று மட்டும் இருக்கும் ஒரு சின்னத் தீவு, அதற்கு எதிரே கடல் நடுவில் ஒரு மணல் திட்டு. தண்ணீர் இறங்கும்போது வெளியே தலைகாட்டும், ஏறினால் காணாமல் போகும். கல்யாணம் அந்தத் திட்டில்தான் நடக்க வேண்டுமாம்.

"ஏம்மா, ஊர்ல மண்டபமே இல்லையா?" என்றார் அப்பா. கடைசல் பட்டறை வைத்திருப்பவர். இரும்பையே பயமுறுத்தும் ஆகிருதி.

"அப்பா, ஒரே ஒரு நாள்தானே..."

"எனக்குத் தண்ணின்னா ஆகாதுன்னு உனக்குத் தெரியாதா?"

இளவயதில் அவரும் அவர் தம்பியும் போன படகு கவிழ்ந்திருக்கிறது. அவர் மட்டும் கரை சேர்ந்தார். அன்றிலிருந்து குளத்தங்கரைக்குக்கூடப் போனதில்லை.

அவசரம் சும்மா இருப்பாளா? "ஐயா, படகுலேர்ந்து மணலுக்குப் பலகை போட்டுடறேன். ஒரு சொட்டுத் தண்ணி உங்க மேல படாது. நான் பொறுப்பு."

"பட்டா?"

"படாதுங்கறேன்."

"பட்டா நான் திரும்பிடுவேன்மா. என்னால முடியாது. அப்புறம் யாரும் வருத்தப்படக்கூடாது."

அவர் முதலில் படியிறங்கிப் போக, பெண் பின்தங்கி நின்றாள். "அக்கா, அப்பா பக்கத்துல நிக்கலைன்னா நான் கையெழுத்துப் போட மாட்டேன். கல்யாணமே வேணாம்" என்றாள். அவசரத்துக்கு அன்றிலிருந்து சோறு இறங்கவில்லை.

திட்டமெல்லாம் ஒரு கேள்வியில் நின்றது. தண்ணீர் முழுக்க இறங்குவது எப்போது? இதில் ஒரு சிக்கல். விருந்தாளிகளுக்குச் சாயங்கால வெயில் நீளமாகக் கிடைக்கட்டும் என்று அந்த ஓட்டல்காரர்கள் தங்கள் தீவில் மட்டும் கடிகாரத்தை ஒரு மணி முன்னால் தள்ளி வைத்திருக்கிறார்கள். துறைமுகத்தில் நாலு என்றால் ஓட்டலில் ஐந்து. இது அவசரத்துக்கு அத்துப்படி. ஓட்டல் மேலாளரிடம் போனில் கேட்டாள். ஐந்து மணி என்றார். கடல் ஏறி இறங்கும் நேரத்தைத் துறைமுகக் கணக்கில்தான் சொல்வார்கள் என்று இவள் மறக்காமல் ஒரு மணி சேர்த்து, ஓட்டல் கடிகாரப்படி ஆறு என்று எல்லோருக்கும் சொல்லிவிட்டாள்.

அன்றைக்கு மணல் திட்டு வெள்ளையாக மினுங்கியது. நாற்காலிகள் வந்தன, மேசை வந்தது, விருந்தாளிகள் வந்தார்கள். தண்ணீர் விளிம்பில் அடையாளத்துக்கு ஒரு குச்சி நட்டிருந்தாள். இன்னும் இறங்கினால் குச்சி காய்ந்த மணலில் நிற்க வேண்டும். அது தண்ணீருக்குள் நின்றது.

போனை எடுத்தாள். "சார், அன்னைக்கு அஞ்சுன்னீங்களே, அது எந்த அஞ்சு? துறைமுகத்து அஞ்சா, ஓட்டல் அஞ்சா?"

"ஓட்டல் அஞ்சுதான் மேடம். நீங்க குழம்பக்கூடாதுன்னு நானே ஒரு மணி கூட்டிச் சொன்னேன்."

அவர் அக்கறையாக ஒருமுறை கூட்ட, இவள் அக்கறையாக இன்னொருமுறை கூட்டியிருக்கிறாள். கடல் ஏறத் தொடங்கி ஒரு மணி நேரம் ஆகிவிட்டது. கடைசிப் படகு தூரத்தில் வந்துகொண்டிருந்தது. அதில்தான் அப்பா.

மாப்பிள்ளையின் அத்தை சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, "ஏம்மா, கல்யாணத்த முடிச்சுட்டு எங்களை இப்படியே மீனுக்குப் போட்டுட்டுப் போறதா ஏற்பாடு?" என்றாள். பதிவாளர் கோப்பை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, "நான் சுருக்கமா முடிச்சுடறேன், ஆளைக் கூப்பிடுங்க" என்று பறந்தார். பெண் படகையே பார்த்தபடி நின்றாள்.

படகு நெருங்குவதற்குள் பலகை மிதந்து போய்விட்டது. மிதவைச் சட்டைக்குள் கண்ணை இறுக மூடி உட்கார்ந்திருந்தார் பட்டறைக்காரர்.

"வந்தாச்சாம்மா?"

"வந்தாச்சு ஐயா."

"பலகை எங்க?"

அவசரம் மழுப்பவில்லை. "ஐயா, கணக்குத் தப்பிடுச்சு. தப்பு என்னோடது. தண்ணி ஏறுது. திரும்பணும்னா இப்பவே படகத் திருப்பச் சொல்றேன்."

நீங்கள் திரும்பினால் கல்யாணம் நின்றுவிடும் என்பது நாக்கு நுனி வரை வந்ததாம். சொல்லவில்லை.

அவர் கண்ணைத் திறந்தார். அந்த நேரம் பார்த்துப் பனைமர உயரத்துக்கு ஓர் அலை எழுந்தது! அவசரம் தொப்பென்று கடலில் குதித்தாள். இடுப்பளவு தண்ணீரில், அந்த மலை போன்ற மனிதரை மூட்டையாகத் தோளில் போட்டுக்கொண்டு, பதிவாளரின் பேனாவைப் பல்லில் கவ்வியபடி...

பக்கத்தில் உட்கார்ந்து பட்டாணி உரித்துக்கொண்டிருந்த அவசரம் இந்த இடத்தில் நான் எழுதுவதை எட்டிப் பார்த்தாள்.

"பெரியம்மா, முதல்ல பேனாவை அடிங்க. அலையையும் அடிங்க. தண்ணி கணுக்கால் அளவுதான் இருந்துச்சு. நான் யாரையும் தூக்கல. இறங்கிப் படகுப் பக்கத்துல நின்னேன், அவ்வளவுதான். அவர் என் காலையே ரொம்ப நேரம் பாத்துட்டு இருந்தார். அப்புறம், 'நீ அங்கேயே நில்லும்மா, நகராத'ன்னுட்டு அவராவே இறங்கினார். ரெண்டடி வைக்கிறதுக்குள்ள மக ஓடி வந்து பிடிச்சுக்கிட்டா. கையெழுத்துப் போடறப்போ மேசைக்கால் தண்ணிக்குள்ள இருந்துச்சு. அத வேணும்னா எழுதிக்குங்க."