தூசி தட்டக் கொடுத்த லேப்டாப்

லேப்டாப் ஃபேனின் இரைச்சல் தாங்காமல், தூசி தட்டித் தரச் சொல்லி ஏற்காட்டில் ஒரு சர்வீஸ் கடையில் கொடுத்திருந்தேன். இன்று வாங்கப் போனேன்.

"ஏனுங்க, உள்ள விண்டோஸே காணமுங்க. வைரஸ் தின்னுபோட்டுதாட்ட இருக்குது. பூராத்தையும் அழிச்சுப்போட்டு புதுசா போட்டுட்டனுங்க," என்றார் கடைக்காரர்.

"அது லினக்ஸுங்க. விண்டோஸ் வேண்டாம்னு நாந்தான் போட்டிருந்தனுங்க."

"அப்படீங்களா? இது நொம்ப நல்லா ஓடுமுங்க. தெரிஞ்சவங்க, இதுக்குக் காசு வேண்டாங்க."

மகள் முதன்முதலாக நடந்த வீடியோ அதில் மட்டும்தான் இருந்தது. லேப்டாப்பை வாங்கிப் பையில் வைத்துக்கொண்டேன். நாகலூர் பஸ் ஏறி, மடியில் வைத்துத் திறந்தேன்.

ஃபேன் அதே இரைச்சல்.

அழிந்ததை மீட்கத் தெரிந்தவர்கள் சொல்லுங்கள். "பேக்கப் எடுக்கலையா?" என்று கேட்க வருபவர்கள் அப்படியே திரும்பிவிடுங்கள்.