வெளிநாடு போன பெஞ்சக்கா

“கொஞ்சம் தள்ளி நில்லு தம்பி, பின்னாடி நிக்கிறவங்க முகம் மறையுது” என்று பாஸ்போர்ட் வரிசையில் நின்ற ஒரு நெட்டையனின் முதுகைத் தட்டினாள் பெஞ்சக்கா. அங்கே யாரும் யாரையும் படம் எடுக்கவில்லை. அந்தப் பையனுக்குத் தமிழும் தெரியாது. என்ன நினைத்தானோ, மிரண்டுபோய் ஓரமாக நகர்ந்துகொண்டான். கண்ணாடிக் கூண்டுக்குள் இருந்த அதிகாரி எங்களையே பார்த்தார். இவள் யாரோ நான் யாரோ என்று நான் கூரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

பள்ளிக்கூடங்களில் வகுப்புப் படம் எடுப்பது அவள் தொழில். வளர்ந்த பிள்ளைகள் பின்னால், குட்டைப் பிள்ளைகள் முன்னால், நடுவில் நாற்காலி போட்டு ஆசிரியர்கள். எந்தப் பள்ளிக்குள் நுழைந்தாலும் வாட்ச்மேனிடம் அவள் கேட்கும் முதல் கேள்வி, “பெஞ்ச் எங்க கிடக்கு?” பெயரை வைத்தது பிள்ளைகள். இப்போது கடைப் பலகையிலும் அதுதான் இருக்கிறது. நாலு பெஞ்சு கொடுத்தால் ஊரையே அடுக்கிவிடுவேன் என்பாள். சும்மா சொல்வதில்லை. அவள் கைதட்டினால் தலைமையாசிரியர்கூட அவசரமாகக் காலரைச் சரிசெய்துகொள்வதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

நான் கல்யாணப் படம் எடுப்பவள். ஒரே தெருவில் எதிரும் புதிருமாகக் கடை. என் ஆல்பத்தைப் புரட்டும்போதெல்லாம் அவளுக்கு மூக்கு சுருங்கும். “பாதி முகம், கால் முகம், ஒரு காது, ஒரு கம்மல். இது கல்யாணமா, கண்ணாமூச்சியாடி?” உன் படத்தில் எல்லாரும் தடுப்பூசிக்கு நிற்பவர்கள் மாதிரி இருக்கிறார்கள் என்று நானும் விடமாட்டேன். அப்படிப்பட்டவளை வெளிநாட்டுக் கல்யாணத்துக்கு ஏன் கூட்டிப்போனேன்? வேறு வழியில்லை. புறப்படும் வாரத்தில் என் உதவியாளுக்கு அம்மை போட்டுவிட்டது. பாஸ்போர்ட்டும் கேமரா பிடித்த விரலும் சேர்ந்தாற்போல் இருந்த ஒரே ஆள் இவள்தான்.

விமானத்தில் லென்ஸ் பையை மடியில் வைத்துக் கட்டிக்கொண்டாள். பணிப்பெண் அதை மேலே வைக்கச் சொன்னதற்கு, “கைக்குழந்தையைத் தூக்கிப் பரண்ல போடுவாளாமா, கேளு” என்று என் உயிரை வாங்கினாள். நான் மொழிபெயர்க்கவில்லை. கடைசியில் அந்தப் பெண்தான் தோற்றாள்.

கல்யாணத்துக்கு முதல் நாள், கல்யாண வீட்டுச் சமையலறையில்தான் விஷயம் தெரிந்தது. மணப்பெண்ணின் அப்பாவுக்குச் சில மாதங்களுக்கு முன் பக்கவாதம். உயிர் பிழைத்தார், ஒரு கை விழுந்துவிட்டது, முகத்தில் ஒரு பக்கம் தொங்கிவிட்டது, வாய் கோணிவிட்டது. கண்ணாடியைக் கண்டால் மீசையைத் தடவாமல் நகராத மனுஷன், அன்றிலிருந்து பெற்ற மகளுக்குக்கூட முகம் காட்டுவதில்லையாம். யார் வந்தாலும் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொள்வார், இல்லாவிட்டால் துண்டை எடுத்து மூடிக்கொள்வார். இன்னும் ஆஸ்பத்திரியில்தான் இருக்கிறார். கொஞ்ச நேரம் மட்டும் மண்டபத்துக்கு அனுப்ப டாக்டர் ஒப்புக்கொண்டிருந்தார். பக்கவாதம் இன்னொரு தடவை வந்தால் தாங்காது என்றும் அவரே சொல்லியிருந்தார்.

“மத்த போட்டோ எப்படி வந்தாலும் சரிக்கா. அப்பா முகம் தெரியிற மாதிரி ஒண்ணே ஒண்ணு. அது இல்லாட்டி எனக்கு ஆல்பமே வேணாம்” என்றாள் மணப்பெண். அவள் அம்மா அடுப்பைத் துடைத்தபடி வேறு பேச்சுப் பேசினார். போன வாரம் மாப்பிள்ளை ஆசையாக செல்ஃபி எடுக்கப் போக, இவர் போனைத் தட்டிவிட்டாராம். அப்புறம் இரண்டு நாள் பச்சைத் தண்ணீர்கூடப் பல்லில் படவில்லையாம். அந்த மனுஷனை நோகடித்து எனக்கு எந்தப் படமும் வேண்டாம் என்றார். இருவருக்கும் நடுவில் நான் தலையைத் தலையை ஆட்டிவிட்டு வந்தேன்.

எனக்கு ஒரு வழி தெரிந்தது. பெரிய லென்ஸை மாட்டிக்கொண்டு மண்டபத்து ஜன்னல் திரைக்குப் பின்னால் நின்றுகொண்டால், எப்போதாவது ஒரு நொடி அவர் நிமிராமலா போவார்? மறுநாள் காலையில் இதைச் சொன்னதும் பெஞ்சக்கா கையிலிருந்த ஒயரைச் சுற்றுவதை நிறுத்தினாள்.

“அவர் வேணாம்னு மூஞ்சியத் திருப்புறார். நீ திரைக்குப் பின்னாடி நின்னு பிடுங்குவியா? இதுக்குப் பேரு என்னடி?”

தொழில் என்றேன். திருட்டு என்றாள். எனக்குச் சுர்ரென்று ஏறியது. அந்தப் பெண்ணுக்கு வாக்குக் கொடுத்தவள் நான், கடல் தாண்டி வந்து வெறுங்கையோடு நிற்கப்போகிறவளும் நான். அப்படியானால் நீயே எடுத்துக் கிழி என்று கத்திவிட்டேன். “சரி” என்று சொல்லிவிட்டு அவள் மண்டபப் பொறுப்பாளரைத் தேடிப் போனாள். பாஷை தெரியாத அந்த ஆளிடம் உட்கார்ந்து எழுந்து ஜாடை காட்டி, எங்கிருந்தோ நாலு நீளப் பெஞ்சுகளை இழுத்துவரச் செய்தாள்.

கல்யாணம் முடிந்து எல்லாரும் கைகுலுக்கிக்கொண்டிருக்கும்போது வண்டி வந்தது. ஆஸ்பத்திரி ஆள் சக்கர நாற்காலியைத் தள்ளிக்கொண்டு நுழைந்தார். அதில் மோவாய் நெஞ்சில் முட்ட, கன்னத்தை மூடித் துண்டைச் சுற்றிக்கொண்டு ஒருவர். அவ்வளவுதான், சொந்தக்காரர்கள் மொத்தப் பேரும் சூழ்ந்துகொண்டார்கள். ஒருவர் குனிந்து பார்க்கிறார், ஒருத்தி ஐயோ என்கிறாள். அவர் நல்ல கையால் வாசலைக் காட்டினார். ஆஸ்பத்திரி ஆள் நாற்காலியைத் திருப்பக் குனிந்தார். மணப்பெண் என்னைப் பார்த்தாள்.

அப்போது கைதட்டல் கேட்டது. பெஞ்சக்கா ஒரு முக்காலி மேல் நின்றுகொண்டிருந்தாள். நெட்டை பின்னால், குட்டை முன்னால், ம், சீக்கிரம் என்று அதட்டினாள். பள்ளிக்கூடத்தை விட்டு எத்தனை காலம் ஆனவர்கள், அத்தனை பேரும் ஓடினார்கள். சக்கர நாற்காலி முதல் வரிசை நடுவில். ஒரு பக்கம் மணப்பெண், மறுபக்கம் அம்மா, அவரையடுத்து மாப்பிள்ளை. வரிசை நின்ற பிறகுதான் எனக்கு உறைத்தது. எல்லாரும் நேராகப் பார்க்கிறார்கள். அவரை யாரும் பார்க்கவில்லை. வாசலைக் காட்டிய கை மடியில் இறங்கியது. ஆனால் எதிரே கேமரா இருந்தது, நாங்கள் இருந்தோம். அவர் தலை நிமிரவில்லை. ஆஸ்பத்திரி ஆள் கைக்கடிகாரத்தைத் தட்டிக் காட்டினார்.

“எல்லாரும் கண்ணை மூடுங்க. நான் சொல்றவரைக்கும் யாரும் திறக்கக் கூடாது.”

இது அவளுடைய பழைய வித்தை. மூடச் சொல்லி, ஒன்று இரண்டு எண்ணி, மூன்றில் திறக்கச் சொன்னால் ஒரு பிள்ளைகூடப் படத்தில் கண் சிமிட்டாது. ஒரே ஒரு பிள்ளை கண் மூடியிருந்தாலும் அந்தப் படத்தைத் தூக்கி எறிகிறவள் அவள். நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு எண்ணிக்கைக்குக் காத்திருந்தேன். அவள் எண்ணவில்லை. ஆஸ்பத்திரி ஆளையும் ஜாடை காட்டித் திரும்பி நிற்கவைத்தாள்.

“ஐயா, இப்ப உங்களை யாரும் பார்க்கல” என்றாள், குரலே மாறிப்போய். “நீங்கதான் எல்லாரையும் பார்க்கலாம். பொண்ணைப் பாருங்க. எவ்வளவு அழகா இருக்கா.”

கேமரா ஸ்டாண்டில் அசையாமல் நின்றது. எட்ட நின்றே படமெடுக்க உதவும் நீள ஒயர் பொத்தானைக் கையில் வைத்துக்கொண்டு அவள் அதற்கு முதுகைக் காட்டித் திரும்பினாள். நான் மட்டும் பேயறைந்தவள்போல் பார்த்துக்கொண்டிருந்தேன். முக்காலியை விட்டு இறங்கி வந்து என் கண்களைக் கையால் பொத்தினாள். பசை நாடா ஒட்டிய பிசுபிசுத்த உள்ளங்கை. மண்டபத்தில் ஒரு இருமல்கூட இல்லை. நாற்காலி லேசாகக் கிரீச்சிட்டது. அப்புறம் ஒன்றுமில்லை. அப்புறமும் ஒன்றுமில்லை. கேமரா ஒரு தடவை சொடுக்கியது.

திறக்கச் சொல்லிவிட்டு, கேமராவைக் கழற்றி, திரையைத் தன் நெஞ்சோடு அணைத்துக்கொண்டு போய் அவர் மடியில் வைத்தாள். “பிடிச்சிருந்தா வெச்சுக்கங்க. பிடிக்கலன்னா இந்தப் பொத்தானை அமுக்குங்க, அழிஞ்சிரும். நானே இன்னும் பார்க்கல” என்றாள். அடிப்பாவி, இருப்பது ஒன்றே ஒன்று என்று என் மனசு அலறியது. அவர் குனிந்து பார்த்தார். கட்டைவிரல் அந்தப் பொத்தான் மேல் வந்து நின்றது. மணப்பெண் மாலையைப் பிடித்த பிடியில் பூ உதிர்ந்தது. அவர் பார்த்துக்கொண்டே இருந்தார்.

பிறகு விரலை எடுத்தார். நல்ல கையால் கேமராவை மெல்லத் தள்ளி, திரையை மகள் பக்கம் திருப்பினார்.

அவள் பார்த்தாள். வாயைப் பொத்திக்கொண்டாள். துண்டு நழுவிக் காலடியில் விழுந்ததுகூடத் தெரியாமல் அவர் நிமிர்ந்து அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். படம் எப்படி வந்திருக்கிறது என்று எட்டிப் பார்க்க நான் ஓரடி எடுத்து வைத்தேன். பெஞ்சக்கா என் பையின் வாரைப் பிடித்துப் பின்னால் இழுத்தாள்.