கொடுத்ததைத் திருப்பிக் கேட்ட சித்தப்பா

எங்கள் வீட்டில் சித்தப்பாவின் மருந்து ஒரு மாட்டினால் நின்றுபோனது. இப்போது சொன்னால் கேட்பவர்கள் சிரிக்கிறார்கள். அப்போது வீட்டில் யாருக்கும் சிரிப்பு வரவில்லை. எனக்குப் பத்து வயது என்பதால் நான் மட்டும் கொஞ்சம் சிரித்தேன்.

சித்தப்பா அப்பாவின் ஒரே தம்பி. கல்யாணம் ஆகாதவர். மலேசியாவில், கிள்ளான் பக்கத்துப் பண்டமாரானில் எங்கள் வீட்டுப் பின்னறையில் இருந்துகொண்டு, துறைமுகத்தில் கண்டெய்னர் லோரி ஓட்டினார். வாயைத் திறந்தால் மூடமாட்டார். அவர் இருந்தால் வீட்டுக்கு டிவி தேவையில்லை என்பார் அம்மா. அப்படிப்பட்ட மனிதர் அந்த வருடம் மெல்ல மெல்ல அடங்கிப்போனார். முதலில் பேச்சு குறைந்தது, அப்புறம் சாப்பாடு. ஒரு காலையில் கட்டிலை விட்டு எழுந்திருக்கவே இல்லை. கம்பெனியிலிருந்து ஆள் அனுப்பிப் பார்த்துவிட்டு, லோரிக்கு வேறு ஓட்டுநரைப் போட்டுக்கொண்டார்கள்.

எனக்குப் பொறாமையாக இருந்தது. காய்ச்சல் இல்லை, இருமல் இல்லை, ஆனாலும் நாளெல்லாம் படுத்தே கிடக்கலாம். இவ்வளவு வசதியான நோய் பரீட்சை சமயத்தில் எனக்கு வரக்கூடாதா என்று ஏங்கினேன்.

அப்பாவின் எண்ணமும் ஏறக்குறைய அதுதான். "வேலைக்குப் போனா எல்லாம் சரியாயிடும்லா! சும்மா படுத்துக் கெடந்தா நல்லா இருக்கறவனுக்கே பைத்தியம் பிடிக்கும்" என்று கதவுக்கு வெளியே நின்று சத்தம் போடுவார். அம்மா நண்டு ரசம் வைத்தார். அப்பாவின் அக்காவான எங்கள் அத்தை பந்திங்கிலிருந்து பஸ் ஏறி வந்து, இது கண்ணூறுதான் என்று ஒரே பார்வையில் கண்டுபிடித்து, எலுமிச்சம்பழம் சுற்றி ரோட்டில் போட்டார். ரசம் ஆறியது. பழத்தின் மேல் யாரோ மோட்டார் சைக்கிளை ஏற்றிவிட்டுப் போனார்கள். சித்தப்பா சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

கடைசியில் அம்மாதான் பிடிவாதம் பிடித்து, அப்பாவையும் இழுத்துக்கொண்டு, அவரைக் கிள்ளானில் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார். அங்கே ஒரு மலாய் டாக்டரம்மா நெடுநேரம் கேள்வி கேட்டு, இது மனச்சோர்வு, சோம்பேறித்தனம் இல்லை என்று சொன்னாராம். அப்பாவுக்குப் பொறுக்கவில்லை. "மருந்து கேட்டுப் போனா, தூங்குறாரா, யாருகூட பேசுவாரு, என்ன சாப்புடுறாரு, சாமி கும்புடுவாரான்னு கத கேக்குது அந்த டாக்டர்!" என்று வீட்டில் வந்து அலுத்துக்கொண்டார். டாக்டர் காப்சூல் கொடுத்ததோடு, காலையில் நடக்கச் சொன்னார், வாரம் ஒருமுறை கவுன்சிலரிடம் போய்ப் பேசச் சொன்னார். அப்பா காப்சூலை மட்டும் எடுத்துக்கொண்டு மற்றதை விட்டுவிட்டார். நடப்பதற்கும் பேசுவதற்குமா ஒரு மனுஷன் ஆஸ்பத்திரிக்குப் போவான் என்பது அவர் கட்சி.

சில வாரங்களில் சித்தப்பா சவரம் செய்துகொண்டார். ஹாலில் வந்து உட்கார்ந்து எங்களோடு சாப்பிட்டார். ஒருநாள் என் கணக்குப் புத்தகத்தைப் பார்த்துவிட்டு, "இதுக்கு நான் லோரியே ஓட்டிருவேன் பாப்பா" என்றார். வீடே மூச்சு விட்டது.

அத்தை உடனே வந்து சேர்ந்தார். தம்பி எழுந்துவிட்டால் தைப்பூசத்தன்று பத்துமலைக்குப் பால்குடம் எடுக்கிறான் என்று அவர் முருகனிடம் வேண்டியிருந்தாராம். முருகன் தன் பங்கைச் செய்துவிட்டான், இனி நாம் செய்ய வேண்டும் என்றார். சித்தப்பா யார் என்ன சொன்னாலும் தலையாட்டுகிற நிலையில் இருந்தார். மாலை போட்டு விரதம் தொடங்கினார். பாய்தான் படுக்கை, மீன் கிடையாது, முட்டை கிடையாது.

அப்போதுதான் மாடு உள்ளே நுழைந்தது. அத்தையின் கைப்பேசிக்கு யாரோ வாட்ஸ்அப்பில் அனுப்பியிருந்தார்கள். காப்சூலின் மேல்தோலை மாட்டு எலும்பில் செய்கிறார்களாம். அத்தை பதறிவிட்டார். "மால போட்ட ஒடம்புக்குள்ள மாடு போகுதே! தெய்வ குத்தம் ஆயிடும்டா தம்பி. ஆளுதான் நல்லாயிட்டானே, இன்னும் எதுக்கு மருந்து?" என்று மாத்திரைப் பொட்டலத்தை எடுத்து அலமாரிக்கு மேலே வைத்துவிட்டார். அப்பாவும் ஆமாம் போட்டார். அம்மா மட்டும் டாக்டரை ஒரு வார்த்தை கேட்டுவிடலாம் என்றார். மாடு என்ற சொல்லுக்கு எதிராக வீட்டில் யார் பேச முடியும்?

முதலில் ஒன்றும் ஆகவில்லை. அத்தை எல்லோரிடமும் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தார். தைப்பூசம் நெருங்க நெருங்க, சித்தப்பா மறுபடியும் பின்னறைக்குள் போனார். விரதம் இருப்பவர் அப்படித்தான் அமைதியாக இருப்பார் என்று எல்லோரும் நினைத்துக்கொண்டோம்.

ஒருநாள் நான் பள்ளிவிட்டு வந்ததும் என்னை உள்ளே கூப்பிட்டார். அறை சுத்தமாக இருந்தது, துணியெல்லாம் மடித்து வைத்திருந்தார். ஞாயிற்றுக்கிழமைகளில் படகுத்துறையில் மீன் பிடிப்பாரே, அந்தத் தூண்டிலையும் அதன் பெட்டியையும் என் மடியில் வைத்தார். பெட்டிக்குள் இரையாக மாட்டுகிற மினுமினுக்கும் பொய் மீன்கள் கலர்கலராகக் கிடந்தன. நான் தொட்டாலே கத்துகிற மனிதர்.

"இனிமே இது ஒனக்குத்தான் பாப்பா. பத்திரமா வச்சுக்க."

அவர் மனம் மாறுவதற்குள் தூக்கிக்கொண்டு சமையலறைக்கு ஓடினேன். "அம்மா, சித்தப்பா தூண்டில எனக்கே எனக்குன்னு குடுத்துட்டாரு!" என்று குதித்தேன்.

அம்மா என் கையில் இருந்ததைப் பார்த்தார். அடுப்பை அணைத்தார். ஓடவில்லை, கத்தவில்லை, நேராகப் பின்னறைக்குப் போய்ப் பாயில் அவர் பக்கத்தில் உட்கார்ந்தார். தன் பொருளை எடுத்து யாருக்காவது கொடுக்க ஆரம்பித்தால் ஆளைத் தனியாக விடாதே என்று டாக்டர் முதல் நாளே அம்மாவிடம் சொல்லியிருந்தாராம். இது எனக்கு வெகுகாலம் கழித்துத்தான் தெரிந்தது. நான் கதவருகில் தூண்டிலோடு நின்றுகொண்டிருந்தேன்.

"தம்பி, செத்துப்போயிடலாம்னு தோணுதா?" என்று அம்மா கேட்டார். சாப்பிட்டாயா என்று கேட்பதுபோல அவ்வளவு சாதாரணமாகக் கேட்டார்.

சித்தப்பா அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டார். பெரிய ஆம்பளை ஒருவர் குலுங்கிக் குலுங்கி அழுவதை அன்றுதான் முதலில் பார்த்தேன். எனக்குப் பயமாக இருந்தது. அப்பா வேலையிலிருந்து வரும்வரை அம்மா அவர் கையை விடவே இல்லை. அன்று மாலையே ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள்.

டாக்டரம்மா அத்தையைத் திட்டுவார் என்று அப்பா எதிர்பார்த்தாராம். அவர் திட்டவில்லை. மாட்டுக் காப்சூல் வேண்டாம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் காப்சூல் இல்லாத வில்லையாக மாற்றித் தந்திருப்பேனே என்றாராம். சாமியும் இருக்கட்டும், மாத்திரையும் இருக்கட்டும், நடையும் பேச்சும் இருக்கட்டும், ஒன்றுக்காக இன்னொன்றை நிறுத்தாதீர்கள் என்றாராம். அத்தை தைப்பூசத்தன்று தம்பிக்காகத் தானே பால்குடம் எடுத்து, வெறுங்காலோடு பத்துமலை ஏறிவிட்டு வந்தார். வந்த பிறகுதான் பழைய அத்தை ஆனார். "அந்த டாக்டர் புத்தியில பூந்து மாத்திரைய மாத்தச் சொன்னதே முருகன்தான்" என்றார்.

சித்தப்பா வீடு திரும்பியதும் அப்பா மாறியிருந்தார். வாரம் தவறாமல் கிள்ளானில் ரயில் ஏறி, தம்பியைக் கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸில் இருந்த தமிழ்க் கவுன்சிலரிடம் கூட்டிப்போனார். போகிற வழியெல்லாம் அண்ணனும் தம்பியும் பேசிக்கொண்டு போவார்கள். ஒரே வீட்டில் இருந்தும் அப்படிப் பேசி எத்தனையோ வருடம் ஆகியிருந்தது. ஒருநாள் கவுன்சிலர் அப்பாவையும் உள்ளே கூப்பிட்டாராம். "என்னைவிட அண்ணன்தான் அதிகமா அழுதாரு" என்று சித்தப்பா வந்து சொன்னபோது, அப்பா தினசரியை உயர்த்தி முகத்தை மறைத்துக்கொண்டார்.

ஆனாலும் சித்தப்பா ஒரே தாவலில் எழுந்துவிடவில்லை. நடக்கப் போவார், மறுநாள் போகமாட்டார். நன்றாகச் சாப்பிடுவார், பிறகு தட்டைத் தள்ளிவிடுவார். நான் அதையெல்லாம் கவனிக்கவில்லை. என் தூண்டில் என் கட்டிலுக்கு அடியில் இருந்தது. தெருப் பிள்ளைகளுக்கு அதைக் காட்டிப் பெருமை அடித்துக்கொண்டிருந்தேன்.

பல மாதம் கழித்து ஒரு சனிக்கிழமை, சித்தப்பா என் அறை வாசலில் வந்து நின்றார். தலையைச் சொறிந்தார்.

"பாப்பா, அந்தத் தூண்டிலக் குடேன். நாளைக்கு மீன் பிடிக்கப் போகணும்."

நான் விடுவேனா? கொடுத்ததைத் திருப்பிக் கேட்கலாமா, எனக்கே எனக்கு என்று சொன்னீர்களே என்று ஊரைக் கூட்டினேன். சித்தப்பாவும் விடவில்லை. "இரவல்தான் குடுத்தேன்லா!" என்று கூசாமல் பொய் சொன்னார். தூண்டிலின் ஒரு முனையை அவர் இழுக்க, மறுமுனையை நான் இழுத்தேன். நியாயம் கேட்க அப்பாவைக் கூப்பிட்டேன். அப்பா வந்து பார்த்துவிட்டு, என்னிடமிருந்து பிடுங்கித் தம்பி கையில் கொடுத்தார். பெரியவர்கள் எல்லோரும் ஒரு கட்சி என்று எனக்கு அன்றைக்குத் தெரிந்துபோனது.

அழுதுகொண்டே சமையலறைக்குப் போனேன். அங்கே அம்மா சுவர் பக்கம் திரும்பி நின்று, அடுப்புத் துணியால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் இழுத்து இறுக்கி அணைத்துக்கொண்டு இன்னும் அழுதார். எனக்கு நடந்த அநியாயம் இந்த வீட்டில் ஒருவருக்காவது புரிகிறதே என்று நினைத்து, நானும் அவரோடு சேர்ந்து அழுதேன்.